ஊர் கூடி இழுத்த வீடு

எதெல்மிராவின் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே
போன வருஷம் பதினேழு அடி.
ஜூலைப் புயலுக்குப் பின் ஆறு.
அவள் அளந்ததை நான் பார்த்தேன்,
பாதத்தோடு பாதம் ஒட்டி,
கஞ்சத்தனமாக.
அப்படி அளந்தால் கடல் கொஞ்சம்
தள்ளிப்போகும் என்பது போல.

சிலோயே தீவில் வீடு என்பது
மரத்தில் செய்த பெரிய பெட்டி.
கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கும்.
எழுப்பினால் எழும்.
எழுப்ப ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

வாசல் வாசலாகப் போய்க் கேட்டாள்.
கூலி பேசுகிற வழக்கம் இங்கே இல்லை.
"சனிக்கிழமை வருவீர்களா?" என்று கேட்க வேண்டும்.
"வருவோம்" என்று சொல்ல வேண்டும்.
மழை பெய்தாலுமா என்று கேட்கக் கூடாது.
மழை எப்போது பெய்யாமல் இருந்திருக்கிறது?

குஸ்தோதியோவின் வாசலை மட்டும்
தாண்டிப் போனாள்.
ஒரு வேலி, இரண்டு முழம் மண்,
வேலிக்கு அந்தப் பக்கம் சாய்ந்த
ஒரு ஆப்பிள் மரம்.
பதினொரு வருஷமாகப் பேச்சில்லை.
மரம் செத்தே நாலு வருஷம் ஆகிறது.
பகை மட்டும் காய்த்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை
ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றினோம்.
புகைக்குழாயைக் கழற்றினோம்.
சுவர்கள் பிரியாமலிருக்க
உள்ளே குறுக்குச் சட்டம் அடித்தோம்.
அடியில் இரண்டு நீளத் தடிகள்.
முன்னால் எட்டு ஜோடி எருதுகள்.
பூனையைத்தான் வெளியே எடுக்க முடியவில்லை.

ஒன்று, இரண்டு என்று கத்தினார்
படகு கட்டுகிற எலியோதோரோ.
மூன்றில் வீடு முனகியது.
நகர்ந்தது.
கிழக்குச் சரிவு வரை ஒழுங்காக வந்த வீடு
சதுப்பில் ஒரு தடி புதைய,
குடித்துவிட்டு வந்தவன்
தன் வாசலில் நின்று யோசிப்பது போல்
சாய்ந்து நின்றுவிட்டது.

கயிறு ஒன்று அறுந்தது.
எருதுகள் முட்டிவரை சேற்றில்.
இன்னும் இரண்டு ஜோடி இருந்தால் என்று
யாரோ ஆரம்பித்து, முடிக்கவில்லை.
மேட்டுப்பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.
நாற்பது பேர் சேர்ந்து ஒரு திசையைப்
பார்க்காமல் இருந்தால்
அதுவும் கூப்பிடுவதுதான்.

அவர் வந்தார்.
தொப்பியைக் கழற்றவில்லை.
இரண்டு ஜோடி எருதுகள், நுகம் பூட்டியபடி.
காலையிலிருந்தே பூட்டி வைத்திருக்க வேண்டும்,
நுகத்தடிக்குக் கீழே
ரோமம் நசுங்கிப் படிந்திருந்தது.

எங்களிடம் பேசவில்லை.
எருதிடம் பேசினார்.
"இந்தச் சதுப்பில் இடப்பக்கம் கல் கிடக்கிறது, நுபே.
கேட்கத் தெரிந்தவர்கள்
கேட்டிருப்பார்கள்."
எதெல்மிராவும் எருதிடமே சொன்னாள்:
"கேட்டிருந்தால் வந்திருப்பாயா, நுபே?"
நுபே நிதானமாக மூத்திரம் பெய்தது.

ஊரே சிரித்தது.
அந்தச் சிரிப்பின் மூச்சு அடங்குவதற்குள்
இழுத்தோம்.

மேலே வந்ததும் எலியோதோரோ கேட்டார்,
"எங்கே நிறுத்த? வேலியை ஒட்டியா?"
"இரண்டு முழம் தள்ளி" என்றாள்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
மழைதான் கொஞ்சம் ஓய்ந்தது,
அதுவும் எங்களுக்காக இல்லை.

இரவு உருளைக்கிழங்கு அடை, பன்றிக்கறி,
ஆப்பிள் மது, யாரோ கொண்டுவந்த அக்கார்டியன்.
பூனை வெளியே வந்து, புது மண்ணை முகர்ந்து,
பழைய இடத்துக்கே இறங்கிப் போனது.
வீடு இருந்த சதுரம் மட்டும்
உலர்ந்து வெளுத்திருந்ததாம்,
அதன் நடுவில் உட்கார்ந்திருந்ததாம்.

குஸ்தோதியோ சாப்பிட நிற்கவில்லை.
தட்டு நிறைய வைத்து என் கையில் கொடுத்தாள்.
மேட்டு வாசலில் அதைப் பார்த்தவர்
"எருதுகளுக்கா?" என்றார்.
"ஆமாம்" என்றேன்.
வாங்கிக்கொண்டார்.

இது நடந்து மூன்று மாதம்.
தட்டு இன்னும் திரும்பி வரவில்லை.
நீலக்கரை போட்ட தட்டு, ஆறில் ஒன்று.
எதெல்மிரா கேட்கவும் இல்லை.
கேட்டால் கொடுத்துவிடுவார்,
அப்புறம் என்ன இருக்கிறது என்கிறாள்.